கந்தசஷ்டி விரதம்: பாறணையன்று வயிற்றைப் பழக்குவது எப்படி?

ஆறு நாளும் தண்ணீர், இளநீரோடு கந்தசஷ்டி பிடிப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். பிடிக்கும் முறையை எல்லோரும் சொல்லித் தருவார்கள். விரதத்தை முடித்துச் சாப்பிடும் பாறணையை, அதாவது விடும் முறையைச் சொல்பவர்கள் குறைவு. முதல்முறை பிடிப்பவர்களுக்கு நான் சொல்லும் முறை இது.

படி 1: முதல் இரண்டு நாள்
சாப்பாட்டு நேரம் வந்தால் பசி கிள்ளும். கிரெலின் என்ற ஹார்மோன் பழகிய நேரத்துக்குச் சுரப்பதுதான் காரணம். வெறுங்குடல் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருதரம் தன்னைத்தானே கூட்டித் துப்புரவாக்கும். வயிறு இரைவது அதனால்தான். தண்ணீர் குடியுங்கள், அடங்கிவிடும்.

படி 2: அதன் பிறகு
ஈரலில் இருந்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர, உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். மலம் போகாவிட்டால் பேதி மருந்து எடுக்காதீர்கள். உள்ளே ஒன்றும் போகவில்லை, அவ்வளவுதான்.

படி 3: பாறணை
இங்கேதான் கவனம் வேண்டும். வேலையில்லாத குடல் தன் உட்சுவரைப் புதுப்பிப்பதைக் குறைத்துவிடும், செரிமான நொதிகளும் குறையும். பித்தப்பை சுருங்காமல் நிரம்பிக் கிடக்கும். அந்த வயிற்றில் வடையும் பாயசமும் விழுந்தால் வலியும் வயிற்றோட்டமும்தான். அதைவிடப் பெரிய ஆபத்து: திடீரென்று மாச்சத்து சேர்ந்தால் இன்சுலின் ஏறி, இரத்தத்திலுள்ள பொஸ்பேற்றையும் பொட்டாசியத்தையும் உடற்கலங்களுக்குள் (செல்களுக்குள்) இழுத்துவிடும். இதயத்துடிப்பே குழம்பலாம்.

அதனால் காலையில் உப்புப் போட்ட நீர்க்கஞ்சி அரைக் கோப்பை, ஆறுதலாக. இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னும் கொஞ்சம். மத்தியானம் குழையவிட்ட சோறு கொஞ்சம், தேங்காய் முதற்பால் விடாத சொதி. படைத்த இலையில் ஒரு வாய் எடுத்தால் போதும், மிச்சத்தை வீட்டார் சாப்பிடட்டும். வடையை இரண்டு நாள் தள்ளிவையுங்கள்.

மொட்டைக்கறுப்பன் அரிசிதான் எனக்கு விருப்பம். ஆனால் அதில் தவிடு அதிகம். முதல் நாளுக்குத் தீட்டிய பச்சையரிசியே நல்லது. குக்கரை விட்டுவிட்டு மண்சட்டியில் சிறு நெருப்பில் வையுங்கள். பருக்கை வெடித்துக் கரைந்து, அகப்பையில் இருந்து தண்ணீர் மாதிரி ஒழுக வேண்டும்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டதற்காக. நீரிழிவு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், மிகவும் மெலிந்தவர்கள் விரதம் தொடங்க முன்னரே வைத்தியரைக் கேளுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதவர்களுக்கும் பாறணைக்கு முன் வைத்தியரின் ஆலோசனை வேண்டும். சாப்பிட்ட பிறகு நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.