டர்போ காருக்கு மலிவு விலை டியூனிங் கருவிகள்: பணமும் இன்ஜினும் வீணாகும் இடங்கள்

டர்போ காரில் இன்ஜினுக்குள் போகும் எரிபொருள் காற்றுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் குறைந்துபோனால் வண்டி உடனே திணறாது. பல நேரம் முன்பைவிட நன்றாகவே இழுக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முழு பூஸ்டில் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தத்தில்) ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11 பங்கு காற்று என்று ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் 12.5-க்கு நகர்ந்தால், ஓட்டுபவருக்குத் தெரிவது கூடுதல் வேகம் மட்டும்தான். சிலிண்டருக்குள் சூடு ஏறுவதும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) தொடங்குவதும், பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு விரிசல் விடுவதும் அவருக்கு எட்டாது. ஆகவே கையில் இருப்பது கொஞ்சப் பணம் என்றால் முதலில் அளக்கும் கருவியை வாங்க வேண்டும். மாற்றும் கருவி அப்புறம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பேச வசதியாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1989-ல் வந்த மாஸ்டா மியாடா, 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன். அமெரிக்காவில் குறைந்த செலவில் டர்போ மாட்டுகிறவர்கள் அதிகம் கைவைத்த கார்களில் இதுவும் ஒன்று. டர்போ இல்லாமல் பிறந்த வண்டி என்பதால் அதன் ஈசியூவுக்கு (இன்ஜினை இயக்கும் கணினிக்கு) பூஸ்ட் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. எனவே இந்த வேலையில் செய்யக்கூடிய எல்லாத் தவறுகளையும் அந்த ஒரே வண்டியில் பார்த்துவிடலாம்.

நாரோபேண்ட் சென்சாரை நம்புவது

வண்டியோடு வரும் பழைய வகை ஆக்ஸிஜன் சென்சார் நாரோபேண்ட். அதன் ஒயரைப் பிடித்து, பச்சை மஞ்சள் சிவப்பாக மின்னும் ஒரு எல்இடி மீட்டரை மாட்டிவிட்டால் கலவை தெரிந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தெரியாது. அந்த சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை கொடுக்கும். காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-ஐ (பெட்ரோல் முழுதும் எரியச் சரியான கலவையை) தாண்டும் இடத்தில் 0.45 வோல்டைச் சுற்றிச் சட்டென்று மாறும். அந்த ஓர் இடம்தான் அதற்குத் துல்லியமாகத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டியதோ முழு பூஸ்டில் 11-ஆ, 12-ஆ, 13-ஆ என்பது. அந்தப் பகுதியில் சென்சாரின் வோல்டேஜ் கலவையைவிடத் தன் சொந்தச் சூட்டுக்குத்தான் அதிகம் ஆடும். மீட்டரில் எல்லா விளக்கும் எரிந்தால் ‘நல்ல ரிச்’ (பெட்ரோல் அதிகம்) என்று ஆறுதல் அடையலாம், அவ்வளவுதான்.

தேவைப்படுவது கலவையைப் பரந்த எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும் அதற்கான கன்ட்ரோலரும். ஏஇஎம், இன்னோவேட், ஸ்பார்டன் போன்ற பெயர்களில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது பாஷ் நிறுவனத்தின் எல்எஸ்யூ 4.9 அல்லது அதற்கு முந்தைய 4.2 சென்சார். பழைய 4.2 வைத்த கருவியை யாரிடமாவது வாங்கினால், அதை அவ்வப்போது எக்ஸாஸ்டிலிருந்து கழற்றி வெளிக்காற்றில் காட்டி அளவு சரிசெய்ய வேண்டும். 4.9-ல் அந்த வேலை இல்லை. இன்று புதிதாக வாங்குகிறவர் 4.2 பக்கம் போகக் காரணமே இல்லை.

சென்சாரில் காசு மிச்சம் பிடிக்கப் போய் ஆன்லைனில் பாதி விலைக்கு ‘பாஷ் 17025’ என்று அச்சடித்த போலியை வாங்குவது அடுத்த தவறு. கன்ட்ரோலரில் மலிவானது பரவாயில்லை, சென்சார் மட்டும் நம்பகமான கடையில் வாங்கியதாக இருக்கட்டும். இன்னொன்று: ஒயர் நீளம் போதவில்லை என்று சென்சாரின் கனெக்டரை வெட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாகச் சரிசெய்த ரெசிஸ்டர் ஒன்று அந்தக் கனெக்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டி எறிந்தால் சென்சாரின் அளவுக்கணக்கும் கூடவே போய்விடும். நீளம் வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல சென்சாரும் பொய் சொல்லும்

வாங்கும்போது யாரும் யோசிக்காத விஷயம், அதை எங்கே மாட்டுவது என்பது. டர்போவுக்கு முன்னால் மாட்டினால் எக்ஸாஸ்ட் அழுத்தமும் சூடும் அளவைக் கெடுக்கும், சென்சாரும் சீக்கிரம் சாகும். டர்போவைத் தாண்டி, டவுன்பைப்பில் ஏறக்குறைய 2 அடி தள்ளி, கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது நல்லது. குழாயின் மேல்பாதியில், கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட இடத்தில், சென்சாரைத் திருகும் மரையுள்ள வளையத்தைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பக்கம் வைத்தால் குளிர்ந்த குழாயில் சேரும் தண்ணீர் சூடான பீங்கானில் பட்டு அது வெடித்துவிடும். மாட்டிவிட்டு மின்சாரம் கொடுக்காமல் வண்டியை ஓட்டுவதும் கூடாது. சூடாகாத சென்சாரில் கரி படிந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று: வைட்பேண்ட் பெட்ரோலை அளப்பதில்லை, எக்ஸாஸ்டில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது. சென்சாருக்கு முந்தைய ஏதோ ஒரு ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ‘லீன்’ (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். ஸ்பார்க் பிளக் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆனாலும் அப்படித்தான். எரியாத பெட்ரோல் கணக்கில் வராது, எரியாமல் தப்பிய ஆக்ஸிஜன் மட்டும் கணக்கில் வரும். பூஸ்ட் ஏறும்போது பிளக் இடைவெளி அதிகமாக இருந்து பொறி அணைந்துபோவது டர்போ வண்டிகளில் சகஜம். மீட்டர் 15 காட்டுகிறதே என்று பெட்ரோலைக் கூட்டுவார்கள். பிளக் இன்னும் நனையும், மிஸ்ஃபயர் கூடும், மீட்டர் 16 காட்டும். அங்கே மாற்ற வேண்டியது பிளக் இடைவெளி, எரிபொருள் மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியூவில் இருக்கும் அட்டவணை) அல்ல.

வோல்டேஜ் அவுட்புட்டை, அளவுகளைப் பதிவு செய்யும் லாக்கருக்கோ ஈசியூவுக்கோ கொடுக்கும்போது இன்னொரு சிக்கல். பழைய ஏஇஎம் மீட்டரில் 0 வோல்ட் என்றால் 10, 5 வோல்ட் என்றால் 20. இன்னோவேட்டில் அதே 0 முதல் 5 வோல்ட் 7.35 முதல் 22.39 வரை. ஒன்றின் அளவுகோலை மற்றொன்றுக்குப் போட்டுவிட்டால் கணக்கு எல்லாம் தப்பு. எர்த் ஒயரை வேறு வேறு இடத்தில் போட்டு 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தால் ஏஇஎம்மில் 0.2, இன்னோவேட்டில் 0.3 தள்ளிக் காட்டும். மீட்டர் 11.5, லாப்டாப் 11.8. எதை நம்புவது? இரண்டையும் ஒரே எர்த் இடத்தில் போடுங்கள். முடிந்தால் சீரியல் அல்லது கேன் (வண்டிக் கருவிகள் தகவல் பரிமாறும் இணைப்பு) வழியாக டிஜிட்டலாக எடுக்கும் கருவியை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடுதலானாலும் இந்தத் தலைவலி போய்விடும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மீட்டரை லாம்டாவில், அதாவது இப்போதைய விகிதத்தைச் சரியான கலவையின் விகிதத்தால் வகுத்த எண்ணில், வைத்துக்கொள்வது நல்லது. எரிபொருள் எதுவானாலும் சரியான கலவை லாம்டா 1. டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு முழு பூஸ்டில் 0.75 முதல் 0.80 என்பது பொதுவான தொடக்க இலக்கு. சுத்தமான பெட்ரோலுக்குத்தான் 14.7 என்ற எண். 10 சதவீத எத்தனால் கலந்தால் சுமார் 14.1, நம் ஊர் பங்குகளில் இப்போது வரும் 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. எதை ஊற்றினாலும் விகிதமாகக் காட்டும் மீட்டர் லாம்டா 1-ஐ 14.7 என்றே எழுதும். இதைப் புரிந்துகொள்ளாமல் புத்தகத்து 13.5-ஐ மீட்டரில் தேடுகிறவர்கள் உண்டு. 10 சதவீதக் கலவையில் 0.78 வருமாறு போட்ட மேப்பில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால் முழு பூஸ்டில் 0.81-க்குப் போய்விடும். எத்தனாலுக்கு நாக்கிங் தாங்கும் குணம் உண்டு என்பதால் உடனே எதுவும் உடையாது, ஆனாலும் மேப்பைத் திருத்தத்தான் வேண்டும்.

ஈசியூவை ஏமாற்றும் பெட்டிகள்

இனி மாற்றும் கருவிகள். மியாடா ஆட்களிடம் ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது எஃப்எம்யூ. மின்னணுவே இல்லாத ஒரு டயாஃப்ரம் பெட்டி. பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தும். 12-க்கு 1 விகித எஃப்எம்யூவில் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் வந்தால் எரிபொருள் அழுத்தம் 72 பிஎஸ்ஐ கூடும். ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்தால் 100-ஐத் தாண்டும். அந்த அழுத்தத்தில் கம்பெனி பம்ப் கொடுக்கும் அளவு சுருங்கிவிடும். கூட்டுவதற்காகப் போட்ட கருவி கடைசியில் குறைக்கிறது. இன்றும் பழைய கிட்களோடு சேர்த்து மலிவாக விற்கிறார்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது பிக்கிபேக். அபெக்ஸி நிறுவனத்தின் எஸ்ஏஎஃப்சி இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். காற்றளவு சென்சார் ஈசியூவுக்கு அனுப்பும் சிக்னலை நடுவில் பிடித்துக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) போட்டுவிட்டு, ‘காற்று குறைவாக வருகிறது’ என்று ஈசியூவிடம் சொல்லிப் பெட்ரோலைக் குறைப்பதுதான் வழக்கமான வேலை. ஆனால் ஈசியூ அந்தக் காற்றளவை வைத்துத்தான் இக்னிஷன் டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரத்தையும்) முடிவு செய்கிறது. காற்று குறைவு என்றால் சுமை குறைவு, அப்படியானால் டைமிங்கை முன்னால் தள்ளலாம் என்று அது நினைத்துக்கொள்ளும். பூஸ்டில் நாக்கிங் வர அதைவிட நேர்வழி இல்லை. மெதுவாக ஓட்டும்போதோ கதை வேறு. ஈசியூ தன் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து நீங்கள் செய்த மாற்றத்தையெல்லாம் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்துவிடும். நேற்று செட் செய்தது இன்று இல்லையே என்று குழம்புவது இதனால்தான்.

ஃபியூயல் கட்டை ஏமாற்றும் சின்னப் பெட்டிகளையும் இதே வரிசையில் வையுங்கள். அளவுக்கு மீறி பூஸ்ட் வந்தால் எரிபொருளை நிறுத்துவது கம்பெனி வைத்த கடைசிப் பாதுகாப்பு. அதைக் குருடாக்கக் காசு கொடுப்பது வேண்டாத வேலை.

அப்படியானால் என்ன வாங்குவது? வண்டியின் சொந்த ஈசியூவை மாற்றி எழுத முடிந்தால் அதுவே முதல் தேர்வு. பழைய சுபாரு டர்போக்களுக்கு ரோம்ரெய்டர், ஈசியூஃப்ளாஷ் என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. செலவு டாக்ட்ரிக்ஸ் ஓபன்போர்ட் கேபிளுக்கு மட்டும்தான். அந்தக் கேபிளின் நகல்கள் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கூடக் கிடைக்கும். லாக் எடுக்க மட்டும் என்றால் உங்கள் விருப்பம். ஆனால் எழுதும்போது பாதியில் தொடர்பு அறுந்தால் ஈசியூ செங்கல்லாகிவிடும். எழுதும் நேரத்தில் பேட்டரிக்கு சார்ஜர் போட்டு வைக்காததும் அதே விளைவைத் தரும்.

மியாடா போன்ற வண்டியில் ஈசியூவை மாற்றி எழுத வழியில்லை. அங்கே மெகாஸ்கிர்ட், ஸ்பீடுவினோ போன்ற தனி ஈசியூதான் சரி. புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் உருவாக்கியது மெகாஸ்கிர்ட். ஸ்பீடுவினோ ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் கட்டிய திறந்தமூலத் திட்டம். இரண்டிலும் எரிபொருள், டைமிங் இரண்டும் உங்கள் கையில். போர்டின் விலையை மட்டும் பார்த்து ‘பிக்கிபேக்கைவிட மலிவு’ என்று இறங்குவதுதான் இங்கே தவறு. ஒயரிங், இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், காற்று வெப்ப சென்சார், கனெக்டர்கள், குளிர்காலையில் ஸ்டார்ட் ஆக வைப்பதற்குள் போகும் வார இறுதிகள் எல்லாம் சேர்த்துத்தான் விலை. வண்டிக்கு நேராகப் பொருந்தும் கனெக்டரோடு வரும் வகை கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்து அதையே வாங்கலாம்.

இவற்றுக்கு டியூனர்ஸ்டூடியோ என்ற மென்பொருள் பயன்படும். அதன் கட்டணப் பதிப்பில் வண்டி ஓட ஓட மேப்பைத் தானே திருத்தும் வசதி உண்டு. நல்ல வசதிதான், ஆனால் அது நீங்கள் கொடுத்த இலக்குக்குத்தான் கலவையைக் கொண்டுவரும். இலக்கு அட்டவணையில் முழு பூஸ்டுக்கு 13 என்று எழுதியிருந்தால் மிகத் துல்லியமாக 13-க்குக் கொண்டுபோய் நிறுத்தும். பூஸ்ட் பகுதியில் அதை அணைத்துவிட்டு, லாக்கைப் பார்த்துக் கையால் திருத்துவது மேல்.

சில நூறு ரூபாய்க்கு விற்கும் இஎல்எம்327 புளூடூத் அடாப்டர்களை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். பெரும்பாலும் நகல்கள், வேகம் குறைவு. பூஸ்ட் ஏறி இறங்கும் நேரத்துக்குள் அது சில அளவுகளைத்தான் எடுத்திருக்கும். செக் இன்ஜின் கோட் படிக்கப் போதும்.

பெட்ரோல் வந்து சேர்கிறதா?

மேப்பில் எண் போட்டால் போதாது, அந்தப் பெட்ரோல் இன்ஜெக்டர் வாய்க்கு வர வேண்டும். கணக்கு சுலபம். டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.6 பவுண்ட் பெட்ரோல் குடிக்கும். மியாடாவில் 200 குதிரைத்திறன் வேண்டுமென்றால் மொத்தம் 120 பவுண்ட், 4 இன்ஜெக்டருக்குத் தலா 30. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 35 பவுண்ட், அதாவது நிமிடத்துக்கு 370 சிசி அளவு தேவை. இதைப் போடாமல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 1000 சிசி வாங்குவதும் தவறு. விற்பவர் அந்த இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரத்தை வோல்டேஜ் வாரியாகக் கொடுக்கவில்லை என்றால் ஐடிலைச் சரிசெய்யவே வாரங்கள் போகும். வால்ப்ரோ 255 பம்ப்புக்கும் போலிகள் ஏராளம். வைட்பேண்டில் மிச்சம் பிடித்தவர் பம்ப்பில் ஏமாந்தால் பலன் ஒன்றுதான்.

நாக்கிங்கை வைட்பேண்ட் காட்டாது. கலவை 11.2 என்று அழகாக இருக்கும்போதே டைமிங் அதிகமாகி இன்ஜின் அடி வாங்கலாம். பயந்துபோய் 10-க்குக் கீழே ரிச் ஆக்கினாலும் தப்பிக்க முடியாது. இதற்கு மிக மலிவான கருவி கையால் செய்யக்கூடியது: ஒரு முனையைத் தட்டித் தட்டையாக்கி பிளாக்கில் போல்ட் போட்ட செம்புக் குழாய், மறுமுனையில் ரப்பர் ஹோஸ், அதன் நுனியில் காது மூடும் இயர்மஃப். அடுத்த படி, ஒரு நாக் சென்சாரை பிளாக்கில் மாட்டி ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்பது. எந்த அதிர்வெண்ணைக் கேட்க வேண்டும் என்பதற்கு 900-ஐ, பை பெருக்கல் சிலிண்டர் ஆரம் (மில்லிமீட்டரில்) என்பதால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் விடை வரும். மியாடா 1.6-ன் சிலிண்டர் விட்டம் 78 மி.மீ., ஆகவே சுமார் 7.3 கிலோஹெர்ட்ஸ்.

இந்தக் காதுவேலையை ரோட்டில் ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டாம். ஒரு மணி நேரம் டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் கருவி) வாடகைக்கு எடுங்கள். போகும் முன் குறைந்த பூஸ்டில் எடுத்த லாக், புதிய பிளக்குகள், எக்ஸாஸ்டில் கசிவு இல்லை என்று பார்த்து முடித்த வண்டி, இவை தயாராக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் டைமிங்குக்கு மட்டும் செலவாகும். இல்லையென்றால் மணிக்கணக்கில் பணம் கொடுத்து அங்கே ஓட்டை தேடிக்கொண்டிருப்பீர்கள்.