காற்று பார்த்து ஓட விடுவது எப்படி

வடசென்னையில், திருவொற்றியூரில் பி.டி. மாஸ்டராக இருப்பவனுக்கு விசிலும் ஸ்டாப்வாட்சும் மட்டும் போதாது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரிய வேண்டும். எங்களுக்குக் கிழக்கே கடல். மேற்கே மணலி, பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள் எல்லாம் அங்கே. வடக்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும். ஊரை ஒட்டியே துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள். ஏதாவது ஒரு திசை கெட்டதாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. என் பயிற்சி நேரத்தை அதை வைத்துத்தான் போடுகிறேன்.

ஓடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்? சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று இழுத்தால், வேகமாக ஓடுகிறவர் அதைப் போல எட்டுப் பத்து மடங்கு இழுப்பார். அதுவும் வாயால். மூக்கில் முடியும் ஈரமும் இருப்பதால் பெரிய தூசி அங்கேயே நின்றுவிடும். வாய்வழி போனால் அந்தக் காவல் கிடையாது. பி.எம். 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அது மூக்குக்கும் அடங்காது, நுரையீரலின் கடைசிப் பை வரை போய், ரத்தத்திலும் கலக்கும். கண்ணுக்குத் தெரிகிற புழுதியை விட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

சரி, நேரம். விடியற்காலையில் ஓடினால்தான் சுத்தமான காற்று என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது பொருந்தாது. இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அதாவது மணலியிலிருந்து எங்கள் பக்கம். மார்கழி, தை மாதங்களில் இன்னொன்றும் சேரும்: தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. பானைக்கு மூடி போட்ட மாதிரி புகை கீழேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடாகும் வரை அந்த மூடி திறக்காது. பகலில் கடல்காற்று எழுந்ததும் எல்லாம் மாறும், புகை மேற்கே போய்விடும். அதனால் என் ஓட்டப் பயிற்சி மாலை நாலரைக்கு மேல். கடுங்கோடையில் மதியம் இரண்டு, மூன்று மணி வேண்டவே வேண்டாம். வெயில் மட்டும் காரணமில்லை, வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாகும் ஓசோன் அந்த நேரத்தில்தான் கூடும்.

மணலி, மாதவரம் பக்கம் இருப்பவர்கள் என் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களைக் காப்பாற்றுகிற அதே கடல்காற்று உங்கள் பக்கம்தான் புகையைத் தள்ளுகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் எங்களுக்கும் வடக்கிலிருந்து சாம்பல் வரும். மொட்டை மாடியில் காயும் வெள்ளைச் சட்டையைத் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

திசை பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கொடிக்கம்பத்தில் ஒரு துணி கட்டினால் போதும். பள்ளி மாடியிலிருந்து புகைபோக்கி தெரிந்தால் இன்னும் நல்லது. புகை மேலே எழும்பிக் கலைந்தால் காற்று ஓடுகிறது. வெளியே வந்ததும் படுத்து நாடா மாதிரி நீண்டால் மூடி இன்னும் திறக்கவில்லை. அன்றைக்குக் கபடி இல்லை, கேரம்தான்.

அப்புறம் ஏ.க்யூ.ஐ., அதாவது காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் எண். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அருகில் மணலி, ராயபுரம், கொடுங்கையூர் நிலையங்கள் இருக்கின்றன. 'சென்னை' என்று மொத்தமாகப் பார்ப்பதில் பயனில்லை, வேளச்சேரி காற்றை வைத்து நான் என்ன செய்ய? 50 வரை நன்று, 100 வரை பரவாயில்லை, 200 வரை மிதமான மாசு, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. வெளிநாட்டுச் செயலிகளில் இதே காற்றுக்கு வேறு எண் வரும், அவர்கள் அளவுகோல் வேறு. ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: நம் எண்ணில் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டில் குப்பை எரித்தால் அது உடனே எண்ணில் ஏறாது. எண் நல்லதாக இருந்தும் கண் எரிந்தால் நான் கண்ணைத்தான் நம்புவேன்.

நான் வைத்திருக்கும் விதி: 100 வரை வழக்கமான பயிற்சி. 100 தாண்டினால் ஆஸ்துமா இருக்கும் பிள்ளைகளுக்கு நீண்ட ஓட்டம் இல்லை. 200 தாண்டினால் எல்லோரும் உள்ளே. போகி அன்று காலை எந்த எண்ணையும் பார்க்க மாட்டேன், பயிற்சி கிடையாது. 2018 போகிப் புகையில் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன. ஏழாம் வகுப்புப் பையனை அதில் ஓட விடுவதா?

மைதானத்தில் நம் கையில் இருப்பது நிறைய. பயிற்சிக்கு அரை மணி முன்னால் தண்ணீர் தெளியுங்கள். கோடு போடச் சுண்ணாம்பை உலர்ந்த தூளாகத் தூவாதீர்கள், கரைத்து ஊற்றுங்கள். வேப்பஞ்சருகைக் கூட்டி மூலையில் எரிக்கும் பழக்கத்தை நிறுத்த நான் நிறைய சண்டை போட வேண்டியிருந்தது. குழி வெட்டிப் போட்டால் மக்கி உரமாகிறது, அவ்வளவுதான் விஷயம். பள்ளி வேன்காரர்கள் வாசலில் எஞ்சினை ஓட விட்டுக் காத்திருப்பார்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு பலகை வைத்தால் பாதிப் பேர் கேட்பார்கள்.

ஆஸ்துமா பிள்ளைகளை ஒதுக்கி உட்கார வைக்காதீர்கள். மருத்துவர் சொன்னபடி இன்ஹேலர் எடுத்துக்கொண்டு, மெதுவாகப் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றினால் பெரும்பாலோர் நன்றாகவே விளையாடுவார்கள். இன்ஹேலர் வகுப்பறைப் பையில் கிடக்கக் கூடாது, மைதானத்தில் என் பையில் இருக்க வேண்டும். பெயர் எழுதி ஒட்டி வாங்கி வைக்கிறேன். பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இரவில் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை. மூடிய அறையில் ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று ஆய்வு சொல்கிறது. மறுநாள் மாலை மைதானத்தில் அந்தப் பிள்ளை இருமுவதை நான்தான் பார்க்கிறேன்.

வாயுக் கசிவு வேறு கதை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். அந்த நேரத்துக்கு என்95 முகமூடி உதவாது, அது துகளைத்தான் தடுக்கும். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். காற்று போகும் பக்கம் ஓடினால் வாயுவும் கூடவே வரும். குறுக்கே, பக்கவாட்டில் விலக வேண்டும். கண் எரிந்தால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், மூச்சு முட்டினால் 108. அழுகிய முட்டை நாற்றம் வந்து திடீரென நின்றால் ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது, அதன் அளவு கூடினால் மூக்கே மரத்துப் போகும்.

இதெல்லாம் தற்காப்புதான். புகையைக் குறைக்க வேண்டியது ஆலையும் அரசும். 1981-லேயே காற்று மாசுக்கென்று சட்டம் வந்தது, அனல்மின் நிலையங்களுக்கு 2015-ல் கடுமையான அளவுகளும் வந்தன. கெடுவைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அதனால் புகார் எழுதப் பழகுங்கள். 'ஒரே புகை' என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள். தேதி, மணி, காற்று வந்த திசை, எந்த மாதிரி வாடை, எத்தனை நேரம், யாருக்கு என்ன செய்தது, மணி தெரிகிற புகைப்படம். குப்பை எரிப்பு என்றால் மாநகராட்சியின் 1913; ஆலைப் புகை என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். என் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் இந்த எண்களைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த புகாரில் பழைய எண்ணையும் குறிப்பிட்டால் அலுவலகத்தில் பேசும் தொனியே மாறுகிறது.