புத்தகம் வாங்கும் முன்பே செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் சிறு வகுப்புக்கு ஒரு தங்கச்சி வந்தாள். கையில் சுருள்கம்பி போட்ட இரண்டு கட்டுகள். கணினிப் பாதுகாப்புச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்கான குறிப்புகள், அறுநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அவளுடைய அத்தை மகன் 2023இல் அதைப் படித்துத்தான் தேர்ச்சி பெற்றானாம். அவன் கோப்பை அனுப்பிவைத்தான், இவள் பட்டணத்துக் கடையில் 70 வெள்ளி கொடுத்து அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கடைக்காரர் தாளின் ஒரு புறம் மட்டும் அச்சடித்திருந்தார், அதனால்தான் இரண்டு கட்டு.

"இதை முடித்தால் போதுமா, அண்ணே?" என்றாள்.

முதல் தாளைப் பார்த்தேன். எஸ்ஒய்0-601 என்று தேர்வு எண் போட்டிருந்தது. அந்தத் தேர்வை, அதை நடத்தும் காம்ப்டியா நிறுவனம் 2024 ஜூலை 31ஆம் தேதியோடு மூடிவிட்டது. அதற்குப் பதிலாக வந்த 701 அதற்கும் முன்பே, 2023 நவம்பரில், நடைமுறைக்கு வந்துவிட்டது.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதே மண்டபத்துப் படிக்கட்டில் 2019இல் உட்கார்ந்திருந்த இன்னொருவன்மேல்தான் வந்தது. அவன் நான்.

இரவெல்லாம் கண்விழிக்காதீர்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே பணத்தையும் காலத்தையும் தொலைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எந்தத் தேர்வு என்று பார்க்காமல் புத்தகம் வாங்குவது

அப்போது பட்டணத்தில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் அப்பா அதே தோட்டத்தில்தான் இருந்தார். சிஸ்கோ நிறுவனம் தரும் சிசிஎன்ஏ என்ற வலையமைப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தால் ஈப்போவிலோ பினாங்கிலோ வலையமைப்பு வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். அக்டோபரில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். இரண்டு தடித்த புத்தகங்கள், ஒரு குறுந்தட்டு, 680 வெள்ளி. அக்கா கூட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். "இதில் இல்லாதது தேர்வில் வராது, தம்பி" என்று விற்றவர் தட்டிக்கொடுத்தார்.

அட்டையில் 200-125 என்று இருந்தது. அது ஏதோ புத்தகத்தின் வரிசை எண் என்று நினைத்தேன்.

அது தேர்வின் எண். அந்தத் தேர்வு 2020 பிப்ரவரி 24 முதல் இருக்காது, 200-301 என்ற புதியது வரும் என்று சிஸ்கோ 2019 ஜூன் மாதமே அறிவித்துவிட்டது. நான் பணத்தை எண்ணிக் கொடுத்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. ஊர் அறிந்த செய்தி, வாங்கியவனுக்கும் தெரியவில்லை, விற்றவரும் வாய் திறக்கவில்லை.

கடை வேலை முடிந்து இரவில்தான் படிப்பு. தரவு எந்தப் பாதையில் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் இஐஜிஆர்பி என்ற வழிகாண் நெறிமுறைக்கு மட்டும் மூன்று வாரம் செலவழித்தேன். அலைவரிசை அகலத்தையும் தாமதத்தையும் வைத்துப் பாதையின் மதிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை இன்று நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தொடர் இணைப்புகளில் பிபிபி என்ற இணைப்பு நெறிமுறையை அமைப்பது, அதற்குக் கடவுச்சொல் சோதனை வைப்பது என்று அதற்கு இன்னும் இரண்டு வாரம். புதிய தேர்வின் தலைப்புப் பட்டியலில் இவை எதுவுமே இல்லை. அதில் வழிகாண் நெறிமுறை என்றால் ஓஎஸ்பிஎஃப் என்ற வேறொன்று, அதுவும் ஒற்றைப் பகுதி அளவில்தான்.

பிப்ரவரி வந்தது, தேர்வு மாறியது. கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் தெரியும். இந்த இடத்தில் நான் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. தெரியாமல் வாங்கியதை மன்னித்துவிடலாம். தெரிந்த பிறகும் அதே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. "அடிப்படை மாறிவிடுமா என்ன?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடையை மூடினார்கள். வாரக்கணக்கில் வீட்டில் இருந்தேன். சிஸ்கோவின் தளத்திலிருந்து புதிய தலைப்புப் பட்டியலை இறக்கிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். சில பக்கங்கள்தான், இலவசம். அதைச் செய்யாமல் இரண்டாம் பாகத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஏனென்றால் அது 680 வெள்ளி. அக்காவின் பணம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அதற்காக இன்னும் ஆறு மாதத்தை அதன்மேல் கொட்டினேன்.

செப்டம்பரில் மாநில எல்லை கடக்க அனுமதி இருந்த நேரத்தில் ரயிலேறிக் கோலாலம்பூர் போய்த் தேர்வு எழுதினேன். கட்டணம் 1,200 வெள்ளிக்கு மேல். என்ன கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகிறோம். ஆனால் பட்டியலே பொதுவில் இருக்கிறது, பாருங்கள்: வலையமைப்பு அடிப்படை 20 விழுக்காடு, வலையமைப்பு அணுகல் 20, ஐபி இணைப்பு 25, ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, தானியக்கம் 10. அந்தக் கடைசிப் பத்துக்கு என் புத்தகத்தில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. தரவை எழுதும் ஒரு வடிவமான ஜேசன் என்ற சொல்லை அந்தப் பட்டியலில் முதலில் பார்த்தபோது அது யாருடைய பெயர் என்றுதான் தோன்றியது. கம்பியில்லா வலையமைப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது வீட்டு வைஃபை அளவுதான்.

தோல்வி. மறுபடி எழுதப் பணம் சேர்ப்பதற்குள் 2021 ஜனவரியில் எல்லைகள் மூடின. வீட்டிலிருந்தே எழுதலாமே என்பீர்கள். அதற்குத் தனி அறையும் அறுந்துபோகாத இணையமும் வேண்டும், எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. எல்லை திறந்தது அந்த ஆண்டு அக்டோபரில். நவம்பரில் தேர்ச்சி பெற்றேன். ஒரு பட்டியலைத் திறந்து பார்க்காததற்கு விலை, இரண்டாம் கட்டணமும் ஓர் ஆண்டும்.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் சான்றிதழ் தரும் நிறுவனத்தின் தளத்துக்குப் போய், தேர்வு எண்ணையும் அது எப்போது ஓய்வு பெறுகிறது என்பதையும் பாருங்கள். தலைப்புப் பட்டியலை இறக்கி அச்சடியுங்கள். பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதன் பொருளடக்கத்தை இந்தப் பட்டியலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்தத் தலைப்புக்கு அத்தியாயம் இல்லையோ அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். நாலைந்து வட்டம் என்றால் வேறு இடத்தில் தேடி நிரப்பலாம். பக்கம் முழுக்கச் சிவப்பு என்றால் புத்தகத்தைக் கீழே வையுங்கள், யார் கொடுத்திருந்தாலும் சரி.

எண் ஒன்றாக இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சிசிஎன்ஏவின் எண் இன்னும் 200-301தான். ஆனால் 2024 ஆகஸ்டு 20 முதல் உள்ளே இருப்பது 1.1 என்ற பதிப்பு. பப்பெட், செஃப் என்ற தானியக்கக் கருவிகள் போய் டெராஃபார்ம் வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவு எட்டிப்பார்க்கிறது. மாற்றம் சிறியதுதான், ஆனால் அட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மைக்ரோசாப்ட் இன்னும் மோசம். எண்ணைத் தொடாமலே உள்ளடக்கத்தை மாற்றும், பட்டியலின் மேலே தேதி மட்டும் மாறியிருக்கும். அங்கே நான் வைத்திருக்கும் குறுக்குச் சோதனை ஒன்று: அவர்களுடைய மேகக் கணினிச் சேவையான அஸூர் பற்றிய பாடக் காணொளியில் ஆசிரியர் வாய்க்கு வாய் "அஸூர் ஆக்டிவ் டைரக்டரி" என்றே சொன்னால், அது பெரும்பாலும் 2023 நடுப்பகுதிக்கு முன் எடுத்தது. பயனர் கணக்குகளைக் கவனிக்கும் அந்தச் சேவையின் பெயரை அப்போதே என்ட்ரா ஐடி என்று மாற்றிவிட்டார்கள்.

கணினி பழுதுபார்ப்போருக்கான காம்ப்டியாவின் ஏ பிளஸ் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அது இரண்டு தாள். இரண்டும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு தம்பி 1101ஐ எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டு, அடுத்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். 2025 செப்டம்பரில் 1101, 1102 இரண்டையும் மூடிவிட்டார்கள். இப்போது இருப்பவை 1201, 1202. பழைய முதல் தாளோடு புதிய இரண்டாம் தாளைச் சேர்த்துச் சான்றிதழ் வாங்க முடியாது. அவன் முதலிலிருந்து தொடங்குகிறான்.

களவாடிய வினாத்தொகுப்பு

வாங்காதீர்கள்.

ஒரு வரி கூடுதலாக: "நேற்று வந்த கேள்விகள்" என்று கைப்பேசியில் 50 வெள்ளிக்கு விற்கிறார்கள். பிடிபட்டால் சான்றிதழைப் பறிப்பார்கள், மறுபடி எழுதவும் தடை விழலாம். அந்த 50 வெள்ளிக்கு விடைகளிலும் பாதி தப்பு.

நான்கு பாடத்திட்டங்களை ஒன்றாக வாங்குவது

ஒரு காணொளித் தொடர், ஒரு புத்தகம், ஒரு மாதிரித் தேர்வுத் தொகுப்பு. நான்காவதை வாங்கத் தோன்றினால் முதலாவதில் எங்கே நிறுத்தினீர்கள் என்று பாருங்கள்.

இலவசமாக இருப்பதை மட்டமாக நினைப்பது

எங்கள் பக்கத்தில் இது ஒரு நோய். பணம் கட்டினால்தான் படிப்பு என்று நம்புகிறோம், ஆறாம் ஆண்டு டியூஷனிலிருந்தே பழகிவிட்டது. மைக்ரோசாப்ட் லேர்ன் தளத்தில் பாடமும் பயிற்சித் தேர்வும் இலவசம். அமேசானின் ஸ்கில் பில்டர் தளத்தில் இலவசப் பாடங்கள் நிறைய இருக்கின்றன. தேர்வை நடத்துகிறவரே எழுதிய பாடத்தை விட்டுவிட்டு, அதைப் பார்த்து எழுதியவரிடம் 400 வெள்ளி கட்டுகிறார்கள். காசு கொடுத்த பாடம் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை, நானும் ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறேன். இலவசத்தை ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிறகு கொடுங்கள்.

காணொளியைப் பார்ப்பதே படிப்பு என்று நம்புவது

கையை நனைக்காமல் இந்தத் தேர்வுகள் ஏறாது. காம்ப்டியா தேர்வில் 90 நிமிடத்துக்கு அதிகபட்சம் 90 கேள்விகள். அவற்றில் சில, விடையைத் தேர்ந்தெடுப்பவை அல்ல, திரையிலேயே செய்து காட்ட வேண்டியவை. காணொளியில் ஆசிரியர் செய்யும்போது எல்லாம் புரிந்த மாதிரித்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது நமக்கும் சமைக்கத் தெரிந்த மாதிரி.

இதில் எதிர்ப்பக்கமும் போகாதீர்கள். நான் கணினிகளை இணைக்கும் பழைய வலையமைப்புச் சுவிட்சு ஒன்றை 250 வெள்ளிக்கு வாங்கி வீட்டில் ஓடவிட்டேன். அதன் விசிறிச் சத்தத்தைக் கேட்டு, மாவரைக்கும் இயந்திரம் வாங்கிவிட்டேன் என்று அம்மா சந்தோஷப்பட்டுவிட்டார். வலையமைப்பைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், கணக்கு ஒன்று தொடங்கினால் போதும், பழைய மடிக்கணினியிலும் ஓடும். சிசிஎன்ஏவுக்கு அது தாராளம்.

மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை நம்புவது

ஒரே தொகுப்பை நான்காம் முறை எழுதி 95 எடுப்பது ஞாபகசக்தி. புதிய தொகுப்பில் முதல்முறை எடுக்கும் எண்ணை மட்டும் குறித்துவையுங்கள். செக்யூரிட்டி பிளஸ் தேர்ச்சிக்கு 750 என்பதை விழுக்காடாக மாற்றிக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அந்த அளவுகோல் 100இல் தொடங்கி 900இல் முடிகிறது.

மொழியை மறந்துவிட்டுப் பாடம் தேர்ந்தெடுப்பது

இதை யாரும் பேசுவதில்லை. ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி, படிவம் ஐந்துவரை மலாய், தேர்வோ ஆங்கிலத்தில். தமிழில் விளக்கும் காணொளிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒரு கருத்து மண்டையில் ஏற அவற்றைப் போல ஒன்றில்லை, நானே வகுப்பில் தமிழில்தான் விளக்குகிறேன். ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் தேர்வறையில் கேள்வியைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும். ஐந்து வரியில் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, கடைசி வரியில் "எதை முதலில் செய்வீர்கள்?" என்று கேட்கும் கேள்விக்கு அந்த "முதலில்" என்ற சொல்தான் உயிர். தமிழில் புரிந்துகொள்ளுங்கள், ஆங்கிலக் கேள்விகளில் பழகுங்கள், இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

மைக்ரோசாப்ட் தேர்வு உங்கள் மொழியில் இல்லையென்றால் கூடுதலாக 30 நிமிடம் கேட்கலாம். தமிழில் இல்லை, ஆகவே கேளுங்கள். தேதி பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அந்தத் தங்கச்சியின் கட்டுகளை அன்றே 701இன் பட்டியலோடு ஒப்பிட்டோம். மறையாக்கமும் போர்ட் எண்களும் தப்பித்தன, மற்றப் பகுதிகளில் சிவப்பு வட்டங்கள் வரிசையாக விழுந்தன. 70 வெள்ளியை நினைத்து அவள் முகம் வாடியது. இப்போது புதிய பதிப்பு ஒன்றைப் படிக்கிறாள். பழைய தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே, அதில் தினமும் போர்ட் எண்களைப் பார்க்காமல் எழுதிப் பழகுகிறாள். இரண்டாம் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.