ஐப்பசி மழையும் கிராமத்துக் கோயிலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் முதலாம் திகதி மாலை. விடிந்தால், கத்தோலிக்கர் மரித்தோரை நினைவுகூரும் சகல ஆன்மாக்கள் தினம். எங்கள் இடுகாடான சேமக்காலையில் ஊரே நிற்கிறது: ஆண்கள் மண்வெட்டியோடு, பெண்கள் சுண்ணாம்பு வாளியோடு, பிள்ளைகள் காய்ந்த மாலைகளைப் பொறுக்கியபடி. இருட்டுவதற்குள் எல்லாக் கல்லறைகளும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடுகின்றன. இரவு எட்டு மணிக்கு மழை பிடிக்கிறது. காலையில் மெழுகுதிரியோடு போனால், பூசிய வெள்ளை அத்தனையும் மணலில் பால் கொட்டியதுபோல் கிடக்கிறது. கல்லறைகள் பழைய பாசியோடு நிற்கின்றன. எங்கள் கிராமத்தில் இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

கோயில் வாழ்க்கையில் ஒக்டோபரும் நவம்பரும் ஓய்வே இல்லாத மாதங்கள். செபமாலை மாதம், மறைபரப்பு ஞாயிறு, புனிதர் அனைவர் பெருவிழா, மரித்தோர் நினைவு, கிறிஸ்து அரசர் பெருவிழா, பிறகு கிறிஸ்மஸுக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலம். இந்த நாட்களை வகுத்த தேசங்களில் இது இலையுதிர் காலம். களஞ்சியம் நிறைந்தபின் வரும் ஆறுதலான நாட்கள். திருகோணமலையிலோ தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று அடங்கி, பிற்பகல் இடிமழை தொடங்கி, வடகிழக்கு வாடை திரும்பும் காலம். ஆண்டு மழையில் பெரும்பங்கு இங்கே ஒக்டோபருக்குப் பிறகுதான் கொட்டுகிறது. சின்னக் கோயில்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை நாட்காட்டியை மட்டும் பார்த்து வானத்தைப் பார்க்காமல் விடுவதால் வருபவை. நாற்பது ஐம்பது குடும்பங்கள் மட்டுமே உள்ள இடத்தில் ஒவ்வொரு தவறும் யாரோ ஒருவரின் தலையில்தான் விடிகிறது.

சேமக்காலை வேலையைக் கடைசி மாலைக்கு வைப்பது

சுண்ணாம்பு காற்றை உள்வாங்கித்தான் இறுகும். அதற்கு மழையில்லாத சில நாட்கள் வேண்டும். ஒரு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆகவே வெள்ளையடிப்பு ஒக்டோபர் முதல் வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும். பழைய பாசியைச் சுரண்டி, கல்லை நனைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்தால் நிற்கும். தடிப்பாக ஒரே முறை அப்பினால் சுண்ணாம்பு பொருக்காகக் கழன்றுவிடும். புல் வேலைக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. காய்ந்த நிலத்தில் மண்வெட்டியால் செதுக்கினால் வேர் உள்ளேயே இருக்கும். மழை விழுந்த பத்தே நாளில் பழையபடி முளைத்துவிடும். முதல் மழையில் மண் இளகியபின் கையால் பிடுங்கினால் வேரோடு வரும். வெள்ளையை முன்னால் அடிக்க வேண்டும், புல்லைப் பின்னால் பிடுங்க வேண்டும். நாம் இரண்டையும் ஒரே மாலையில் செய்து இரண்டையும் கெடுக்கிறோம்.

நெருப்பு வைத்துப் புல்லை அழிப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். கச்சானில் காய்ந்த புல் ஒரு நொடியில் பரவும். ஏழைகளின் கல்லறைகளில் மரச்சிலுவைதான் இருக்கும். அது எரிந்தால் அங்கே யார் படுத்திருக்கிறார் என்பதைச் சொல்ல வேறு அடையாளம் இராது.

அந்த ஆண்டு இறந்தவரின் கல்லறையை நவம்பர் 2க்கு முன் கட்டி முடிக்க வேண்டும் என்று குடும்பங்கள் துடிக்கும். அந்தத் துடிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கரையோரத்து மணல் ஒரு மாரி பெய்து அடங்கும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குமுன் சீமெந்துப் பலகை வைத்தால் தை மாதத்தில் நடுவே வெடிப்பு விடும், ஒரு பக்கம் சாயும். மண் மேடு, மரச்சிலுவை, நாலு பூச்செடி. முதல் ஆண்டுக்கு அது போதும். கடன் வாங்கிப் பளிங்கு பதிப்பதற்கு முன் யாராவது பெரியவர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பூச்சாடிகள். இரண்டாம் திகதி நூறு போத்தல்களில் பூ வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். பூ வாடுகிறது, போத்தலில் மழைநீர் நிற்கிறது. முட்டையிலிருந்து டெங்கு நுளம்பு உருவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. அந்த நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமலும் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: சாடியில் தண்ணீருக்குப் பதிலாக ஈர மணல் நிரப்பிப் பூவைக் குத்திவையுங்கள். மெழுகுதிரி ஏற்றிய சிரட்டைகளையும் பிளாஸ்டிக் குவளைகளையும் ஒன்பதாம் திகதி இளைஞர்கள் ஒரு சாக்கோடு போய்ப் பொறுக்கட்டும்.

ஒன்பதாம் திகதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளில் சேமக்காலைக்குச் சென்று மரித்தோருக்காகச் செபித்தாலும், வழக்கமான நிபந்தனைகளோடு (பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காகச் செபம்), அந்த ஆன்மாக்களுக்கான பரிபூரண பலனை, அதாவது பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலையை, திருச்சபை தருகிறது. இந்த எட்டு நாளையும் நாம் ஒரே மாலைக்குள் திணிக்கிறோம். அதனால் எண்பது வயது அம்மம்மா சேற்றில் வழுக்கி விழுகிறார், அல்லது வீட்டிலேயே இருந்து அழுகிறார். மழைவிட்ட ஒரு காலையில் அவரை முச்சக்கரவண்டியில் தனியாக அழைத்துப் போங்கள். நின்று செபிக்க நேரமும் கிடைக்கும்.

காசு கொடுத்த பெயரை மட்டும் வாசிப்பது

நவம்பர் மாதப் பூசைக் கருத்துகளுக்கு, அதாவது மரித்த இன்னாருக்காக என்று பூசை ஒப்புக்கொடுப்பதற்கு, உறையில் பெயர் எழுதிக் காணிக்கை வைப்பது பழைய வழக்கம். அந்த உறைகள் மட்டுமே பூசையில் வாசிக்கப்படும்போதுதான் மனம் நொறுங்குகிறது. வேண்டியதெல்லாம் ஒரு கொப்பிதான். கோயில் வாசலில் ஒக்டோபர் நடுவிலேயே அதை வைத்துவிடுங்கள். யாரும் வந்து பெயர் எழுதலாம். எழுதத் தெரியாதவருக்கு மறைக்கல்விப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். காணிக்கை வேறு, கொப்பி வேறு.

இங்கே கல்லறை இல்லாத மரித்தோரும் பலர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் கடல் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் போய், எங்கே என்று தெரியாமலே போனவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சேமக்காலையில் ஒரு தாய் ஆண்டுதோறும் ஒரே ஒரு மெழுகுதிரியோடு வருவார். மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லறையைத் தேடிப் போவார்கள். அவர் நடுவில் உள்ள பெரிய சிலுவையின் அடியில், காற்றுக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு, திரியை ஏற்றி வைப்பார். ஒரு முறை, கல்லறைகளை ஆசீர்வதித்து மந்திரிக்கும் சுவாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துப் போய், அந்தச் சிலுவையடியைத் தாண்டிவிட்டார். யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை. அந்தத் தாய் எதுவும் பேசவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. இப்போது மந்திரிப்பு அந்தச் சிலுவையடியில்தான் தொடங்குகிறது. பங்குக்குப் புதிதாக வரும் குருவானவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது, கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பரின் முதல் வேலை.

பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று இன்னமும் காத்திருக்கும் குடும்பத்தின் பெயரை அவர்களைக் கேட்காமல் மரித்தோர் பட்டியலில் சேர்ப்பது இதைவிடப் பெரிய காயம். அவர்கள் விரும்பினால் விசுவாசிகள் மன்றாட்டில் தனியாகச் செபிக்கலாம். முதலில் கேளுங்கள்.

விதைப்புக் காலத்தில் அறுவடை விழா

ஐரோப்பிய வழக்கத்தைப் பார்த்து ஒக்டோபரில் நன்றித் திருநாள் வைத்து, விளைபொருள் கொண்டுவாருங்கள், ஏலம் போடுவோம் என்று அறிவிக்கும் கோயில்கள் உண்டு. தம்பலகாமம், மூதூர், ஈச்சிலம்பற்று வயல்களில் அந்த நேரத்தில் பெரும்போக விதைப்பு நடக்கிறது. அறுவடை மாசியிலும் பங்குனியிலும் வரும். விதைநெல்லுக்கும் உழவு இயந்திரக் கூலிக்கும் காப்பை அடகு வைத்துவிட்டு வந்திருக்கும் மனிதரிடம் ஏலத்துக்குப் பொருள் கேட்டால் அவர் எதைக் கொடுப்பார்? கரையோரக் கிராமங்களின் நிலையும் இதுதான். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடியமைத்துத் தங்கும் மீன்பிடித் தொழிலாளர்கள் ஒக்டோபரோடு ஊர் திரும்பிவிடுவார்கள். நம்முடைய படகுகளும் வாடைக் கடலுக்குப் பயந்து கரையில் கிடக்கும். காணிக்கைத் தட்டு மெலியும் காலம் இது.

ஆகவே திருத்த வேலைக்கான சந்தா, கிறிஸ்மஸ் ஒளிவிழா நிதி, கரோல் உண்டியல் எல்லாவற்றையும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த மூன்று மாதங்களில் அடுக்காதீர்கள். ஒக்டோபரில் விதைநெல்லை ஒரு பெட்டியில் பீடத்தின் முன் வைத்து மந்திரித்துக் கொடுங்கள்; செலவில்லாத சடங்கு, அந்த மாதத்துக்குப் பொருத்தமானது. நன்றித் திருநாளைப் பங்குனிக்குத் தள்ளிவையுங்கள். அப்போது மூட்டை மூட்டையாக வரும்.

செபமாலை மாதத்திலும் இதே காசுப் பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. மாதா சொரூபம் இரவுக்கு ஒரு வீடாகப் போகிறது. முதல் வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும். பத்தாவது வீட்டில் வடையும் கேக்கும். இருபதாவது வீட்டில் இடியப்பமும் கறியும். கடைசி ஒழுங்கையில் இருக்கும் வீட்டார், வீட்டில் சுகமில்லை என்று சொல்லி மாதாவையே வேண்டாம் என்கிறார்கள். உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும். செப்டெம்பர் கடைசி ஞாயிறு பூசையிலேயே தீர்மானமாக அறிவித்துவிடுங்கள்: எல்லா வீட்டிலும் வெறும் தேநீர் மட்டும். வசதியுள்ள வீட்டார்தான் முதலில் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். யானை நடமாட்டம் உள்ள கிராமங்களில் செபமாலையை மாலை ஐந்து மணிக்கே தொடங்கி வெளிச்சத்தில் கலைந்துவிடுங்கள். உயர்தரப் பரீட்சை 2024இலும் 2025இலும் நவம்பரில் வந்தது. படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீதியில் ஒலிபெருக்கி வேண்டாம்.

கட்டடம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடு மாற்றுவதும் பீலியில் அடைந்த வேப்பஞ்சருகை அள்ளுவதும் செப்டெம்பர் வேலை. ஒழுக்கு விழுந்தபின் கூரையில் ஏறுவது ஆபத்து. புத்தக அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கறையானும் ஈரமும் சுவர் வழியாகத்தான் வரும். பூசைக்கான அப்பங்களைக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் ஒலிபெருக்கிப் பெட்டியின் செருகியைக் கழற்றிவிடுங்கள். ஆளியை மட்டும் அணைப்பது போதாது.

சாவியை ஒரே இடத்தில் வைத்திருப்பது

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் இந்த மாவட்டத்தின் கரையில் ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயலும் வெள்ளமும் வந்தன. இரண்டும் திருவருகைக் காலத்தை ஒட்டிய நாட்கள். நாம் குடில் கட்டுவதற்கு மூங்கில் தேடிக்கொண்டிருக்கும் நாட்கள். கிராமங்களில் உயரமான நிலத்தில் கல்லால் கட்டிய கட்டடம் என்று பார்த்தால் பாடசாலை, கோயில், பள்ளிவாசல், அம்மன் கோயில். வெள்ளம் வந்தால் சனம் அங்கேதான் ஓடும்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயிலின் ஒரே சாவி, மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார் வீட்டில் இருந்தது. அவர் வீடு மதகுக்கு அப்பால். ஒரு வெள்ள இரவில் மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. பிள்ளைகுட்டியோடு வந்த ஆறு குடும்பங்கள் கோயில் முகப்பின் கீழ், சாரல் அடிக்கும் பக்கத்தில் பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றன. உள்ளே நற்கருணை விளக்கு எரிவது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது என்று ஒரு பெண் பிறகு என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பயம் தெரியவில்லை என்றுதான் சொன்னார். எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

ஒக்டோபர் முதல் ஞாயிறு சபை கூடும்போது இதைப் பேசி முடியுங்கள். யார் கதவைத் திறப்பது, நற்கருணையை எங்கே மாற்றி வைப்பது, கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் யார் பொறுப்பு, நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் கிராம அலுவலரின் எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள்.

எங்கள் கோயிலுக்கு இப்போது மூன்று சாவிகள். ஒன்று உபதேசியாரிடம், ஒன்று மேட்டுத் தெருவில் மூப்பர் வீட்டில். மூன்றாவது, கோயிலுக்கு நேர் எதிரே இருக்கும் சைவக் குடும்பத்தின் சாமிப்படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.