ஆடியோ இன்டர்ஃபேஸ்: சுவர் பிளக்கிலிருந்து மைக் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால், நான் பாட்டை நிறுத்திவிட்டு ரெக்கார்டிங் மேசையின் பிளக்குகளைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவேன். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மைக்கின் சத்தத்தை லேப்டாப்புக்குக் கொண்டுபோகும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். என் முதல் இன்டர்ஃபேஸ் அப்படித்தான் போனது. சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். லேப்டாப்பில் மோடம் வயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். தைப்பூசப் பாட்டைத் தாங்களே பதிவு செய்ய நினைக்கும் தோட்டத்துத் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சுவரைப் பாருங்கள். மூன்று முனை பிளக்கில் நீளமாக இருப்பது எர்த். இரண்டு முனை பிளக்கை மாட்ட எர்த் துளையில் பேனாவைக் குத்தும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பிளக் சரியாகப் பிடிக்காது, பொறி பறக்கும், பிளக்குக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸும் இருக்காது. ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

அடுத்து, எல்லாம் அணைந்திருக்கும்போதே வயர்களை மாட்டுங்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கட்டும். யூஎஸ்பி வயரை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். ஒரு துளையைப் பல துளையாக்கும் ஹப்பில் மவுஸ், பென்டிரைவ் எல்லாம் அதைப் பங்கு போட்டால் சத்தம் விட்டு விட்டு வரும். தனி அடாப்டர் உள்ள இன்டர்ஃபேஸ் என்றால் வோல்ட், ஆம்பியர், பிளஸ் மைனஸ் குறி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முனை பொருந்துகிறதே என்று மோடம் அடாப்டரை மாட்டாதீர்கள். 5 வோல்ட் பெட்டிக்குள் 12 வோல்ட் போனால் அது பிழைக்காது.

விண்டோஸ் என்றால் தயாரிப்பாளரின் டிரைவரை, அதாவது இன்டர்ஃபேஸை இயக்கும் மென்பொருளை, லேப்டாப்பில் போட்டுவிடுங்கள்.

இப்போது மைக். மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்கு, இன்டர்ஃபேஸ் மைக் வயர் வழியே அனுப்பும் 48 வோல்ட் தேவை, சாதாரண டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை. உள்ளே மெல்லிய உலோகப் பட்டை இருக்கும் பழைய ரிப்பன் மைக் கையில் கிடைத்தால் இன்டர்ஃபேஸில் உள்ள 48 வோல்ட் பொத்தானைத் தொடவே வேண்டாம். கண்டென்சர் மைக்கை மாட்டிய பிறகு 48 வோல்ட்டைப் போடுங்கள். கழற்றும்போது அதை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து வயரை எடுங்கள்.

ஸ்பீக்கரைக் கடைசியாகப் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் உயிர் பெறும்போது எழும் 'டப்' சத்தம் ஸ்பீக்கர் கூம்பில் அடிக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை.

'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அங்கேதான். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டி, இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு வயர் போடுங்கள். இரைச்சலுக்காக எர்த் முனையை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்து.

அப்புறம் ஹெட்போன் மாட்டி, பாட்டில் குரல் உச்சிக்குப் போகும் வரியைப் பாடிப் பாருங்கள். மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி கெயினை, அதாவது மைக் சத்தத்தைக் கூட்டும் திருகை, மெல்லத் திருப்புங்கள். பக்கத்தில் உறுமி அடிப்பவர் இருந்தால் அவரையும் முழு வேகத்தில் அடிக்கச் சொல்லிவிட்டு, அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.