வைரஸ் பாசிட்டிவ் என்றால் குழந்தை கிடையாதா? சிகிச்சைக்குப் போகும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தவுடன் "கர்ப்பப்பை கெட்டுப்போச்சு, இனி குழந்தை தங்காது" என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இது தப்பு. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் குடியிருப்பது கல்லீரலில். கல்லீரல் நல்ல நிலையில் இருந்தால் இயல்பாகக் கரு தரிக்கலாம். டெஸ்ட் டியூப் சிகிச்சையும் செய்துகொள்ளலாம்.

பழியை வைரஸ் மேல் போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கும், கர்ப்பப்பையின் உள்சுவர் ஒட்டிப்போவதற்கும் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அது பாக்டீரியா, இருமலே இல்லாமல் கர்ப்பப்பையில் இருக்கும். எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்காதவர்களுக்கு அது வரும் ஆபத்து இன்னும் அதிகம். சிகிச்சையில் கரு திரும்பத் திரும்பத் தங்காமல் போனால் இதையும் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நம் ராமநாதபுரம் கடற்கரையில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. கீழக்கரை, தொண்டி, ஏர்வாடிப் பக்கம் வளைகுடா வேலைக்குப் போகும் ஆண்களுக்கு விசா மெடிக்கலில் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு. பாசிட்டிவ் என்றால் 'அன்ஃபிட்', அதாவது வேலைக்குப் போகத் தகுதியில்லை. அதைப் பலர் வீட்டில் சொல்வதே இல்லை. இரண்டு வருடம் கழித்துக் குழந்தை இல்லை என்றதும் மருமகளை மட்டும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துக்கொண்டு மதுரைக்கு அலைகிறார்கள். தயவுசெய்து இருவரும் சேர்ந்து பரிசோதனை செய்யுங்கள். கணவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்து மனைவிக்கு இல்லை என்றால், ஆறு மாதத்தில் மூன்று தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்த்துவிட்டால் போதும், பயம் வேண்டாம். இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் வந்தது 2011-இல்தான். அதனால் இன்று கல்யாண வயதில் இருக்கும் பலர் சிறுவயதில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசம். ரிப்போர்ட்டை ரகசியமாக வைப்பார்கள். அங்கேயும் பாசிட்டிவ் என்று வந்தால் கலங்க வேண்டாம். தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், துணைக்கு உடலுறவு வழியாகத் தொற்றாது.

"குழந்தைக்கு முயற்சி பண்றோம், மாத்திரை வேண்டாம்" என்று தானாக நிறுத்துவதும் ஆபத்து. ஹெபடைடிஸ் பி மாத்திரையைத் திடீரென விட்டால் கல்லீரல் வீக்கம் சீறிக்கொண்டு வரலாம். அந்த மாத்திரைகளில் டெனோஃபோவிர் கர்ப்பத்திலும் எடுக்கக்கூடியது. என்டெகாவிர் என்ற இன்னொரு மாத்திரையை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லி முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் சி என்றால் கதையே வேறு: பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையில் முழுசாகக் குணமாகும். அதை முடித்துவிட்டு அப்புறம் கருவுக்கு முயற்சி செய்வதுதான் சரி. கீழாநெல்லியை மட்டும் நம்பி இந்த மருந்துகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய எச்.பி.வி. வைரஸ் வேறு வகை. அது தங்குவது கர்ப்பப்பை வாயில். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும். பாசிட்டிவ் என்பதற்காகவோ வெள்ளைப்படுதலுக்காகவோ கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

சரி, கரு தங்கிவிட்டது. தலைப்பிரசவத்துக்குத் தங்கச்சிமடத்திலோ தேவிபட்டினத்திலோ உள்ள அம்மா வீட்டுக்குப் போகும்போது ஃபைலை மாமியார் வீட்டிலேயே விட்டுப்போகிறார்கள். பிரசவம் பார்ப்பவருக்கு ஹெபடைடிஸ் பி விஷயமே தெரியாமல் போகிறது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்க நிற்கும். தடுப்பூசியும், உடனடியாக எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் பிறந்த 12 மணி நேரத்துக்குள் போட்டுவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். தாய்க்கு வைரஸ் அளவு அதிகம் என்றால் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிரும் தருவார்கள். அதனால் எட்டாம் மாதமே பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் ஃபைலைக் காட்டி, இம்யூனோகுளோபுலின் ஊசி கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்து வையுங்கள். ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுக்கலாம்.