கொடைக்கானல் ஏரியில் நாலு பேர் படகேறினால்

கொடைக்கானல் ஏரி நட்சத்திர வடிவம். 1863-இல் மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ் ஓடைகளை மறித்து உண்டாக்கியது; முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே. படகில் போகிறவர்கள் இந்த வடிவத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். நட்சத்திரத்தின் ஒரு கைக்குள் நுழைந்துவிட்டால் படகுத்துறை கண்ணுக்குத் தெரியாது, நேரமும் தெரியாது. அரை மணிச் சீட்டு என்றால் பன்னிரண்டாவது நிமிடமே திரும்பிவிடுங்கள். வரும்போது கால் களைத்திருக்கும், காற்றும் எதிர்த்து நிற்கலாம்.

காலையில் துறை திறந்ததும் போவது நல்லது. தண்ணீர் அசையாமல் கிடக்கும், கூட்டமும் குறைவு. மதியத்துக்கு மேல் காற்றும் பனிமூட்டமும் சேரும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழையும் உண்டு. இடி காதில் விழுந்தால் சீட்டுக் காசைப் பார்க்காமல் கரையேறுங்கள். மூட்டம் இறங்கினால் ஏரி நடுவே திசை தேடி அலையாமல், தெரிகிற கரைக்குப் பக்கத்தில் போய் அதை ஒட்டியே திரும்பி வாருங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை ஸ்வெட்டருக்கு மேல் போட்டு எல்லா வாரையும் இறுக்க வேண்டும். தோள்பட்டையில் பிடித்து நண்பர் மேலே தூக்கட்டும். காது வரை ஏறினால் அது தளர்வு. கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு ஏற வேண்டாம்.

நாலு பேர் மிதிபடகில் முன்னால் இருக்கும் இருவர்தான் மிதிக்கிறார்கள். கனத்த இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் படகு அந்தப் பக்கம் சாய்ந்து, அதே பக்கம் இழுத்துக்கொண்டே போகும். முன்னால் கனத்தவர் வலப்பக்கம் என்றால் பின்னால் கனத்தவர் இடப்பக்கம். திருப்பும் கைப்பிடியை ஏறியதும் ஒருமுறை அசைத்து, எந்தப் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிடுங்கள். படகு நகரும்போதுதான் அது வேலை செய்யும். மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை மட்டும் முறுக்கினால் ஒன்றும் நடக்காது. மிதிபடகு எடை குறைவு, தண்ணீருக்கு மேலே உயரம் அதிகம். அதனால் காற்று எளிதாகத் தள்ளிக்கொண்டு போகும். முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், திரும்பும் பாதை லேசாகும்.

மிதி திடீரென்று கனத்தால் சக்கரத்தில் நீர்ப்பாசி சுற்றியிருக்கிறது. பின்பக்கமாக இரண்டு, மூன்று சுற்று மிதித்தால் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். கையை விட்டுப் பிடுங்காதீர்கள், விரல் போய்விடும். பாசி கரையோரம்தான் அடர்த்தி. ஓரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளியே ஓட்டுங்கள்.

துடுப்புப் படகு என்றால் பெரும்பாலும் படகோட்டி கூட வருவார். “அண்ணே, கொஞ்ச நேரம் நாங்க வலிச்சுப் பாக்கட்டுமா?” என்று கேளுங்கள், முடிவு அவருடையது. அவர் சரி என்றால், பின்பக்கத்தைப் பார்த்து உட்கார வேண்டும். அணியம், அதாவது படகின் முன்முனை, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாதங்களை முட்டுக்கட்டையில் ஊன்றுங்கள். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, கை நீட்டி, துடுப்பின் பலகையைச் செங்குத்தாக நீரில் இறக்குங்கள். பலகை மட்டும் முழுகினால் போதும். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில்தான் முழங்கை மடங்க வேண்டும். கையால் மட்டும் வலிப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் தோள் விட்டுப்போகும்.

பலகை சாய்ந்து இறங்கினால் தண்ணீர் அதைக் கீழே இழுக்கும். கைப்பிடி பாய்ந்து வந்து வயிற்றில் இடிக்கும். அப்போது மல்லுக்கட்டாமல் பிடியைத் தளர்த்தி, படகு நிற்கும்வரை பொறுங்கள். வலக்கையால் வலுவாக வலித்தால் அணியம் உங்கள் இடப்பக்கம் திரும்பும். நேராகப் போக அடிக்கடி தலையைத் திருப்ப வேண்டியதில்லை. துறையின் கூரையும் அதன் பின்னால் ஒரு மரமும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்துக்கொண்டு வலியுங்கள். கோடு பிரிந்தால் படகு விலகுகிறது. முன்னால் என்ன வருகிறது என்று எதிரே இருக்கும் நண்பர் பார்த்துச் சொல்லட்டும்.

வெளிநாட்டுப் பயணத்தில் படகேறியவர்கள் அந்த நினைவில் இங்கேயும் எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். இத்தாலியின் வெனிஸ் நகரத்து கொண்டோலா படகை ஒருவர் நின்றபடி ஒற்றைத் துடுப்பால் ஓட்டுகிறார். அந்த ஒருபக்க வலிப்பை ஈடுகட்டவே அதன் இடப்பக்கம் அகலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. மியான்மரின் இன்லே ஏரி மீனவர் ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் துடுப்பைச் சுழற்றுவது, நீர்ச்செடிகளுக்கு மேலே வழி தெரிவதற்கும் வலைக்குக் கை ஒழிவதற்கும். அழகான வித்தைகள், சிறு வயதிலிருந்து பழகியவர்களுடையவை. வாடகைப் படகில் ஒருவர் படம் எடுக்க எழுந்தாலே மற்றவர்களும் ஆடிப்போவார்கள்.

யாராவது விழுந்தால் மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் படகே கவிழும். குளிர்ந்த நீரில் மூச்சு திணறும். முதல் நிமிடம் நீந்தாமல் மிதக்கச் சொல்லுங்கள். துடுப்பு இருந்தால் நீட்டிப் பிடிக்கக் கொடுத்து, உதவிப் படகைக் கூப்பிடுங்கள். துடுப்புப் படகில் மேலே ஏற்ற வேண்டியிருந்தால் பின்பக்கம் வழியாகத்தான்.

இறங்கும்போது துறை ஊழியர் படகைப் பிடித்த பிறகு ஒவ்வொருவராக, நடுவில் கால் வைத்து எழுந்திருங்கள். துறைக்குத் தாவினால் உதைத்த வேகத்தில் படகு பின்னால் நழுவும், கால் இடைவெளியில் போகும்.